அர்ணாகவுறு சாட்சி

வாடா பேராண்டி, குந்து. நாற்காலி ஒண்ணும் ஒடயாது, தேக்கு மரம். ஒங்க கொள்ளுத்தாத்தாவயே தாங்கிச்சி, அவரு எழுந்து நிக்கிறதுக்கே ரெண்டு ஆளு வேணும்.

கேள்விப்பட்டேன். கண்ணாடியில செஞ்ச எடை மிஷின் ஒண்ணு வாங்கியாந்து கட்டிலுக்கடியில வெச்சிகினு கீறியாமே. கால வெச்சா போனுக்குச் சேதி போவுதாம். எழுந்ததும் ஒரு தபா, கக்கூஸ் போயி வந்து ஒரு தபா, நாஷ்டாவுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. ஒங்க ஆபீஸ்ல கூட இத்தினி தபா அட்டெண்டன்ஸ் எடுக்க மாட்டாங்க. 200 கிராம் எறங்குனா ஊருக்கே ஸ்டேட்டஸ் போடுறே. டேய், ஒண்ணுக்குப் போயிட்டு வந்தாலே 200 கிராம் எறங்கும்டா. அதுக்கெல்லாமா லைக் போடுறாங்க?

மிஷின் மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. ரயில்வே ஸ்டேஷன்ல இருந்துச்சே ஒண்ணு, கலர் லைட்டு எரிஞ்சி, வட்டம் சுத்தி, துட்டப் போட்டா அட்டையத் துப்பும். ஒரு பக்கம் எடை, மறு பக்கம் ஜோசியம். எடைய எவனும் பாக்க மாட்டான். ராஜயோகம் எப்ப வருதுன்னுதான் பாப்பான். ஒன் மிஷின்ல அட்டை இல்ல, அவ்ளோதான் வித்தியாசம். ஒரு நம்பரப் பாத்துட்டு ஒன் ஆயுசுக்கே ஜோசியம் கெடச்சிட்டதா நெனச்சிகினு கீறே.

நான் கம்பெனி டிஸ்பென்சரியில டிரெஸ்ஸரா இருந்தவன், தெரியுமில்ல. காயத்துக்குக் கட்டுப் போடுறது, ஊசிய வெந்நியில போட்டு எடுக்குறது, வருசா வருசம் மெடிக்கல் செக்கப் வந்தா ஆளுங்கள வரிசையில நிக்க வெச்சி எடை எழுதுறது, எல்லாம் நம்ம கையிதான். குண்டு நகத்துற பழைய மிஷினு. எழுதி எழுதி ஒண்ணு புரிஞ்சிச்சி. லோடு தூக்குறவன் ஏறுனா முள்ளு சாய்ஞ்சிடும், ஆனா அவன் மாடிப்படிய ரெண்டு ரெண்டாத் தாண்டி வந்து நின்னிருப்பான். கணக்கெழுதுற ஒல்லிப்பிச்சான் ஏறுனா முள்ளு அசையாது, ஆனா அதே மாடிப்படி ஏறி வந்துட்டு மொதல்ல தண்ணி கேப்பான். டாக்டரு ஒல்லிப்பிச்சான் சீட்டுலதான் பேனாவ அழுத்தி அழுத்தி எழுதுவாரு. அப்ப எனக்குக் காரணம் தெரியாது.

ஒன் போன்ல 24.9ன்னு காட்டுது, பச்சை கலர் எரியுதுன்னு ஒங்க சித்திகிட்ட காட்டினியாமே. எடை 72, ஒசரம் 1.70 மீட்டர். ஒசரத்த ஒசரத்தாலயே பெருக்கி, அத்தால எடைய வகுத்தா 24.9 வரும். இத்தக் கண்டுபுடிச்ச ஆளு டாக்டரே இல்ல. பெல்ஜியத்துல அடால்ஃப் கெட்டலேன்னு ஒருத்தரு, வானத்துல நட்சத்திரம் பாக்குறவரு. 1830கள்ல, சராசரி மனுசன்னா எப்பிடி இருப்பான்னு கணக்குப் போட்டுப் பாக்க ஆசைப்பட்டாரு. எவனுக்கு வியாதி வரும்னு பாக்குற எண்ணமே அவருக்குக் கெடயாது. 1972ல அமெரிக்காவுல ஆன்சல் கீஸ்னு ஒருத்தரு அந்தக் கணக்க எடுத்து பி.எம்.ஐ.ன்னு பேரு வெச்சாரு. கூட்டத்த எடை போட வந்தது, இப்ப ஒனக்குன்னு தனியா சர்ட்டிபிகேட் குடுக்குது. அந்தச் சராசரி மனுசன நானும் டி.எச். ரோட்டுல தேடிகினுதான் கீறேன், ஆம்புடல.

இன்னொரு வில்லங்கமும் கீது. ஒனக்கு எரிஞ்ச பச்சை லைட்டு வெள்ளக்காரனுக்காக மாட்டினது. அவனுக்கு 25 வரைக்கும் பரவால்ல. ஆசியாக்காரங்க 23 தாண்டும்போதே முழிச்சிக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் கூட்டின நிபுணருங்க 2004லயே சொல்லிட்டாங்க. நம்ம நாட்டு டாக்டருங்க 2009ல கூடிப் பேசி, 23 தாண்டுனா அதிக எடை, 25 தாண்டுனா பருமன்னு எழுதி வெச்சாங்க. ஆக, லண்டன்ல எறங்குனா நீ நார்மலு. திருவொத்தியூரு தேரடியில எறங்குனா ஓவர்வெயிட்டு. பேசாம பிளேன்லயே குந்திகினு இருந்துடு.

ஏன் இந்த ஓரவஞ்சனைன்னு கேளு. பூனாவுல யாஜ்னிக்னு ஒரு சர்க்கரை டாக்டரு. லண்டன்ல யுட்கின்னு அவரோட சிநேகிதரு. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்துகினாங்க. 2004ல லான்செட் பத்திரிகையில வந்துச்சி. ரெண்டு பேருக்கும் பி.எம்.ஐ. ஒண்ணேதான், 22.3. ஒன் போன்ல காட்டினா ரெண்டு பேருக்கும் பச்சை எரியும். ஆனா ஒடம்புல கொழுப்பு எவ்ளோன்னு அளந்தா, வெள்ளக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மாளுக்கு 21.2. சட்டை சைசு ஒண்ணுதான், உள்ள கீற சரக்கு வேற. பொறந்த கொழந்தைங்கள அளந்து பாத்தும் நம்ம கொழந்தைங்க எடை கம்மி, கொழுப்பு மட்டும் கம்மியில்லன்னு அந்த யாஜ்னிக்கே சொன்னாரு. பாக்க ஒல்லி, உள்ளாற குண்டு. என் டிஸ்பென்சரி ஒல்லிப்பிச்சான் ரகசியம் இதுதான். நாடு முழுக்க ஒரு லட்சம் பேருக்கு மேல அளந்து 2023ல ஒரு கணக்கு போட்டாங்க, ஐ.சி.எம்.ஆர். கணக்கு. பி.எம்.ஐ.படி பருமன் ஆனவங்க 100க்கு 28.6. தொப்பை போட்டவங்க 39.5. மிஷின்ல பாஸ் பண்ணிட்டு நாடாவுல ஃபெயிலான கும்பலு எவ்ளோன்னு பாத்துக்கோ.

இதெல்லாம் லண்டன்ல பூனாவுல நடக்குற வேலன்னு நெனைக்காத. நம்ம ராயபுரம் இன்னா சாமானியமா? எம். விஸ்வநாதன்னு ஒரு டாக்டரு 1948லயே ஸ்டான்லி ஆஸ்பத்திரியில சர்க்கரைக்குன்னு தனி கிளினிக் ஆரம்பிச்சவரு. 1954ல ராயபுரத்துலயே அதுக்குன்னு தனி ஆஸ்பத்திரியும் தொறந்தாரு. சர்க்கரைன்னாலே பணக்காரன் வியாதின்னு ஊரு பேசிகினு இருந்த காலம். துறைமுகத்துல மூட்டை தூக்குறவனும், வலை இழுக்குறவனும் கீற எடத்துல வந்து கடையப் போட்டாரு பாரு, அந்த மனுசனுக்கு மூக்கு நீளம்.

அந்த ராயபுரத்து ஆஸ்பத்திரியில ராமச்சந்திரன் டாக்டரும் கூட இருந்தவங்களும் சேந்து ஒரு சோதனை பண்ணாங்க. 2006ல உலகம் பூராப் படிச்சாங்க. 531 பேரு. சர்க்கரை இன்னும் வரல, ஆனா வாசப்படியில வந்து நின்னுகினு கீது. நாலு கும்பலாப் பிரிச்சாங்க. மொத கும்பலுக்கு வழக்கமா சொல்ற புத்திமதி, அத்தோட சரி. ரெண்டாவது கும்பல நடக்கச் சொல்லி, சோத்தையும் இனிப்பையும் எண்ணெயையும் கொறைக்கச் சொல்லி, வுடாம பின்னாலயே வெரட்டுனாங்க. மூணாவதுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நாலாவதுக்கு ரெண்டும். மூணு வருசம் போச்சி. புத்திமதியோட வுட்ட கும்பல்ல 100க்கு 55 பேருக்கு சர்க்கரை வந்துடுச்சி. நடந்து வாயக் கட்டுன கும்பல்ல 39 பேருக்கு. மாத்திரைக்காரங்களுக்கும் கிட்டத்தட்ட அதே கணக்கு. ரெண்டும் சேத்தவங்களுக்கும் அதேதான், கூடுதலா ஒண்ணும் கெடைக்கல.

கதையில ருசியான எடத்துக்கு இப்பதான் வரேன். நடந்து நடந்து சர்க்கரைய வாசல்லயே நிறுத்துனாங்களே, அவங்க எடை எவ்ளோ எறங்கிச்சி? சொல்லிக்கிற மாதிரி ஒண்ணுமில்லடா! மூணு வருசம் நடந்தும் முள்ளு கிட்டத்தட்ட அங்கேயேதான் நின்னுச்சி. ஒன் மிஷின அவங்க கட்டிலுக்கடியில வெச்சிருந்தா மூணாவது மாசமே, எல்லாம் வேஸ்ட்டுன்னு வுட்டுட்டு பஜ்ஜிக் கடைக்குப் போயிருப்பாங்க. முள்ளுக்குத் தெரியாம உள்ளாற ஒரு காரியம் நடந்திருக்கு. நடக்குறப்ப கால் சதை ரத்தத்துல கீற சர்க்கரைய தானே இழுத்துக்கும், இன்சுலின் வந்து உத்தரவு போடட்டும்னு காத்துகினு இருக்காது. அத்தத் தராசுல நிறுக்க முடியாது.

கொழுப்புலயும் ரெண்டு சாதி கீது. தொடையில, பின்னால, தோலுக்கடியில சேர்றது சோம்பேறி. அது பாட்டுக்குக் கெடக்கும். வயித்துக்குள்ள ஈரலையும் குடலையும் சுத்திகினு சேருதே, அதுதான் ரவுடி. அங்கேர்ந்து வர்ற சரக்கு நேரா ஈரலுக்குத்தான் பாயும். அப்பால ஈரல் இன்சுலின் பேச்சக் கேக்காது. சர்க்கரை, பிரஷரு, நெஞ்சுவலி எல்லாத்துக்கும் அதுதான் ஆள் அனுப்புறது.

நம்ம திருவொத்தியூருக்கு ஒரு பெருமை கீது. 1946ல இங்க ஒரு கொட்டாயில வெளையாட்டு பலூன் செய்ய ஆரம்பிச்சாங்க, அதுதான் வளந்து எம்.ஆர்.எஃப். ஆச்சி. பலூன்ல ஆரம்பிச்சி டயர்ல முடிஞ்ச அந்தக் கதை ஒன் வயித்துக்கும் அப்பிடியே பொருந்துது. ஒரே ஒரு வித்தியாசம். விளம்பரத்துல வர்ற பயில்வான் டயர தலைக்கு மேல தூக்கிகினு நிப்பான். நீ இடுப்புல மாட்டிகினு கீறே.

எங்க, சட்டையத் தூக்கு. வெக்கப்படாத, சின்ன வயசுல ஒனக்குப் புண்ணா, சொறியான்னு பாத்து மருந்து போட்டவனே நான்தான். தோ கீது பாரு அர்ணாகவுறு. கறுப்புக் கவுறு, சன்னதித் தெருவுல வாங்கினது. கட்டுறப்ப தொப்புள் மட்டத்துலதானே கட்டினோம்? இப்ப எங்க போயி ஒளிஞ்சிகினு கீது? மடிப்புக்குள்ள. முடிச்சப் பாரு. கட்டுன அன்னிக்கு நுனி ரெண்டும் நாலு விரக்கடை தொங்கிகினு இருந்துச்சி. அவுத்து அவுத்துக் கட்டி இப்ப நுனியிலேயே முடிச்சு நிக்குது. இன்னொரு தபா அவுத்தா முடிச்சுப் போட கவுறு கெடயாது. சதையில கோடு பதிஞ்சி செவந்து வேற போச்சி. இதுக்கு ப்ளூடூத்து வேற வேணுமா?

பேண்ட்டு பொய் சொல்லும். காலேஜ்லேர்ந்து 34தான்னு பெருமையாச் சொல்றே. தொப்பைக்குக் கீழ எறக்கி மாட்டினா எவனுக்கும் 34தான். போதாக்கொறைக்கு இப்ப துணிக் கம்பெனிக்காரனும் எலாஸ்டிக்க வெச்சி ஒனக்கு ஒத்து ஊதுறான். கவுறு ஒத்து ஊதாது.

சொல்றத செய். ஒரு கவுறு எடு. உச்சந்தலையில இருந்து குதிகால் வரைக்கும் ஒன் ஒசரத்துக்கு வெட்டு. அத்த சரிபாதியா மடி. மூச்ச வெளிய வுட்டுட்டு, வயித்த உள்ள இஸ்துக்காம, அந்த மடிச்ச கவுற இடுப்பச் சுத்திக் கொண்டா. ரெண்டு முனையும் முட்டுனா சரி. முட்டலன்னா, எவ்ளோ இடைவெளி கீதோ அவ்ளோ வேல பாக்கி கீதுன்னு அர்த்தம். ஒன் ஒசரத்துக்கு 85 சென்டிமீட்டர். இடுப்பு ஒசரத்துல பாதிக்குள்ள நிக்கணும்னு இங்கிலாந்துக்காரன் 2022ல அரசாங்கமா எழுதி வெச்சான். நம்ம டாக்டருங்க டேப்பு வெச்சி, ஆம்பளைக்கு 90, பொம்பளைக்கு 80ன்னு கோடு போடுறாங்க. டேப்பு வெக்கிற எடமும் தெரிஞ்சுக்கோ. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேட்டுக்கும் நடுவுல. பெல்ட்டு போடுற எடத்துல இல்ல. பெல்ட்டு போடுற எடம்தான் ஒனக்குத் தெக்க எறங்கி ரொம்ப நாளாச்சே.

உக்காந்து சம்பாரிக்கிற பொழப்பு வந்ததுல இருந்துதான் இந்த பேஜாரு. 1953ல லண்டன்ல மோரிஸ்னு ஒரு டாக்டரு பஸ்காரங்கள எடுத்துகினு ஆராய்ஞ்சாரு. அந்த ஊரு மாடி பஸ்ல டிரைவரு நாள் பூரா குந்திகினு கீறவரு, கண்டக்டரு டிக்கெட்டு போட மேல கீழ ஏறி எறங்குறவரு. ஒரே டிப்போ, ஒரே ஊரு, ஒரே டீ. மாரடைப்பு மட்டும் கண்டக்டருக்குக் கம்மி. அப்பால அதே ஆளு யூனிபாரம் தெக்கிற கணக்க எடுத்து பேண்ட்டு இடுப்பளவப் பாத்தாரு. டிரைவருங்க இடுப்பு பெருசு. நம்மூரு ஒண்ணாம் நம்பர் பஸ்ல, அதாவது திருவொத்தியூர்ல இருந்து திருவான்மியூர் போற வண்டியில, கூட்டத்துல நீந்திப் போயி டிக்கெட்டு போடுற கண்டக்டருக்கு எந்த ஜிம்மு வேணும்?

துறைமுகத்துல முன்னெல்லாம் மூட்டை மனுசன் முதுகுலதான் எறங்கும். 1983ல கன்டெய்னர் டெர்மினல் வந்துச்சி. கிரேனு தூக்குது, லாரி எடுத்துகினு போவுது. முதுகு பொழச்சிச்சி, அத்த நான் குத்தம் சொல்லல, அந்த முதுகுங்களுக்குக் கட்டு போட்டவன் நானு. ஆனா எண்ணூர் ரோட்டுல வரிசையில நிக்கிற லாரியில மணிக்கணக்காக் குந்திகினு கீற டிரைவரு தம்பிங்க வயித்தப் பாரு. ஸ்டீயரிங்குக்கும் அதுக்கும் நடுவுல ஈ பூந்தா திரும்பி வராது. நீயும் அதே வேலதான் பாக்குறே, ஏசி போட்டு.

இப்ப சிரிக்கிறே பாரு. அப்ப எடை முக்கியமே இல்லையா தாத்தா, மிஷின வித்துட்டு பிரியாணி வாங்கிடவான்னு. அந்த சோலியே வேணாம். எடை ஒரு கிலோ எறங்குனா, நீ வெக்கிற ஒவ்வொரு அடியிலயும் முட்டிக்கு நாலு கிலோ பாரம் கொறயுதுன்னு அளந்து பாத்திருக்காங்க. ஒங்க பெரியம்மா முட்டியப் புடிச்சிகினு மாடிப்படியத் திட்டுறாளே, அவ மொதல்ல திட்ட வேண்டியது மாடிப்படிய இல்ல. அமெரிக்காவுல மூவாயிரத்துச் சொச்சம் பேர வெச்சி ராயபுரத்துல பண்ண மாதிரியே பண்ணி 2002ல சொன்னாங்க. அவங்க குண்டு ஜாஸ்தி, எடையும் எறக்குனாங்க, சர்க்கரை வர்றது 58 சதவீதம் கொறஞ்சிச்சி. ஆக, கூடுதலா கீறவன் எறக்குனா லாபம்தான். எறங்கலேன்னு நடைய வுட்டா நட்டம். இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்காத.

எங்க நடக்குறதுன்னு கேப்பே, கேளு. அந்தக் கேள்வி நியாயம். 'நடப்போம் நலம் பெறுவோம்'னு 2023ல சர்க்காரு மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை வெச்சாங்க. நல்ல காரியம். நம்ம பக்கம் 8 கிலோமீட்டர் வேணாம், லாரி இடிக்காத 800 மீட்டர் பிளாட்பாரம் குடுத்தா போதும்னு நான் எழுதிப் போடலாம்னு கீறேன். கடற்கரையில நடன்னா, மணலு எங்க? துறைமுகத்துக்குக் கடல்ல சொவரு கட்டுன நாள்ல இருந்து வடக்குப் பக்கம் கடல் தின்னுகினே வந்துச்சி. இப்ப பாறாங்கல்லுதான் கீது. அது மேல நடந்தா எடை கொறயாது, காலு ஒடயும். 2023 டிசம்பர் மாசம் மட்டும் பாரு, மொதல்ல வெள்ளத்தோட எண்ணெய் வந்துச்சி, மாசக் கடைசியில அம்மோனியா வந்துச்சி. மூச்ச நல்லா இழுத்து வுடுங்கன்னு யோகா மாஸ்டரு சொல்றாரு. எதுக்கு சாமி?

இருந்தாலும் ஒனக்கு சால்ஜாப்பு குடுக்க மாட்டேன். மெட்ரோல வரும்போது தேரடியில எறங்காத, ஒரு ஸ்டேஷன் முன்னாடி காலடிப்பேட்டையிலயே எறங்கி நடந்து வா. எஸ்கலேட்டரு பக்கம் தலை வெச்சும் படுக்காத, பக்கத்துல படிக்கட்டு ஒண்ணு காலியா கீது பாரு, அது ஒனக்காகத்தான். சாயங்காலத்துல தியாகராஜர் கோயில் பிரகாரத்தச் சுத்து. லாரி வராது, வடிவுடையம்மாவும் பாப்பா, ஒங்க ஆத்தாளுக்கும் சந்தோசம், கல்யாணத்துக்கு வேண்டிக்கிறேன்னு நெனச்சிப்பா.

ஜிம்முக்குப் போறேன்னு மட்டும் சொல்லாத. இந்த ஊர்ல சத்தியம் பண்ணிட்டு மீறுனா இன்னா ஆவும்னு ஒனக்குத் தெரியணும். சுந்தரரு சங்கிலி நாச்சியாரக் கட்டிக்கிறதுக்கு, ஒத்தியூர வுட்டுப் போவ மாட்டேன்னு சத்தியம் பண்ணாரு. சத்தியம் பண்ற நேரத்துக்கு மட்டும் கோயில வுட்டு மகிழமரத்துல போயி குந்திக்கோன்னு சாமிகிட்டயே டீலு பேசுன ஆளு. சாமி அவருக்கு மேல. சத்தியத்த மகிழமரத்தடியிலயே வாங்கிக்கன்னு பொண்ணோட கனவுல போயி சொல்லிடுச்சி. சத்தியத்த மீறி ஊரு எல்லையத் தாண்டுனாரு, ரெண்டு கண்ணும் போச்சி. நீ ஜனவரி ஒண்ணாந்தேதி வருசத்துக்கும் துட்டு கட்டி சத்தியம் பண்ணே, மாட்டுப் பொங்கலுக்கே எல்லை தாண்டிட்டே. பயமுறுத்தல. ஆனா சர்க்கரையக் கவனிக்காம வுட்டா அதுவும் கண்ணுலதான் கை வெக்கும், விழித்திரையில ரத்தக் கசிவு வரும்.

சோறு பத்தி அதிகம் சொல்ல மாட்டேன், ஒங்க ஆயா சண்டைக்கு வருவா. நம்மாளு வயித்துக்குப் போற சக்தியில பெரும்பங்கு மாவுச்சத்துதான்னு அளந்து சொல்லிட்டாங்க. ஒன் தட்டப் பாத்தா எனக்கு அளக்காமலே தெரியும். காசிமேட்டுல எறங்குன மத்தி, கானாங்கத்த எல்லாம் தேவாமிர்தம். ஆனா நீ மீன் ரெண்டு துண்டு, சோறு ரெண்டு குண்டான். ஓரத்துல கொஞ்சம் கீரைய வெச்சா எதிரியப் பாக்குற மாதிரி பாக்குறே. ராத்திரி ஒம்போது மணிக்கு மேல பரோட்டா, அத்தோ நூடுல்ஸு. கேட்டா வடசென்னை கலாச்சாரம்னு பேசுறே. பட்டினத்தாரு கையில பேய்க்கரும்பு ஒண்ண வெச்சிகினு ஊரு ஊரா அலைஞ்சாரு. எந்த ஊர்ல நுனிக்கரும்பு இனிக்குதோ அங்கதான் முத்தின்னு. நம்மூர்ல வந்துதான் இனிச்சிச்சி, கடலோரத்துல இன்னிக்கும் அவரு சமாதி கீது. அவரு எல்லாத்தையும் வுட்டுட்டு வந்து, கடைசியா ஒரு தபா இனிப்பு கண்டாரு. நீ ஒண்ணையும் வுடாம, டீக்கு மூணு ஸ்பூன் போட்டு, நாளைக்கு அஞ்சு தபா முத்தி அடையப் பாக்குறே.

எடை கொறைக்க ஊசி கீதாமேன்னு இழுக்கிறியே, அத்தயும் கேள்விப்பட்டேன். 2025 மார்ச்சுல மவுஞ்சாரோன்னு ஒரு ஊசி நம்ம நாட்டுக்கு வந்துச்சி, வாரத்துக்கு ஒண்ணு. எடை எறங்குறது நெசம், பசியே அடங்கிடுதாம். டாக்டரு பாத்து, இவனுக்கு வேணும்னு எழுதுனா போட்டுக்கோ, அதுல கௌரவம் பாக்காத. ஆனா நிறுத்துனா எறங்குனதுல நல்ல பங்கு திரும்ப ஏறுதுன்னு அந்த மருந்த வெச்சிப் பண்ண ஆராய்ச்சியிலயே கீது. எறங்குறது கொழுப்பு மட்டும் இல்ல, கொஞ்சம் சதையும் சேந்துதான் போவும். சிநேகிதன் போட்டுகினான்னு நீயும் போட்டுக்க இது ஒண்ணும் பச்சை குத்துறது இல்ல.

எறங்குற எடைய நெனச்சா எனக்கு வேற ஒரு பயமும் உண்டு. டிஸ்பென்சரியில எடை கூடுனவனப் பாத்து நாங்க பதறுனது கெடயாது. எதுவும் பண்ணாமலே எடை கொறஞ்சவனப் பாத்தாத்தான் டாக்டரு நிமிந்து குந்துவாரு. பேண்ட்டு தொளதொளன்னு கீதா, இருமல் கீதா, சளியப் பாருன்னு சீட்டு எழுதுவாரு. டி.பி.க்கு ஒல்லி ஒடம்புன்னா கொண்டாட்டம். ஜார்க்கண்டுல டி.பி. வந்தவங்களுக்கு மருந்தோட சாப்பாட்டு மூட்டையும் குடுத்துப் பாத்து 2023ல சொன்னாங்க. மொத ரெண்டு மாசத்துல எடை 5 சதவீதம் ஏறுனவங்களுக்கு சாவு 61 சதவீதம் கம்மி. வீட்டுல கீற மத்தவங்களுக்கும் சாப்பாடு குடுத்தா, அவங்களுக்கு டி.பி. வர்றதே 39 சதவீதம் கொறயுது. நம்ம சர்க்காரும் 2022ல இருந்து டி.பி.ன்னு வர்றவங்கள மொத நாளே எடை, ஒசரம் பாத்து, ரொம்ப மெலிஞ்சவங்கள ஆஸ்பத்திரியில சேத்துக்கிறாங்க. அங்க அந்த பி.எம்.ஐ. உயிரக் காப்பாத்துது. கெட்டலே சாமிய நான் முழுசாத் திட்டல, பாத்தியா.

சரி, நான் ஒன்ன கூப்ட்டனுப்புனது ஒன் தொப்பைக்காக இல்ல. ஒன் தொப்பை எங்கயும் ஓடிப் போவாது.

ஒங்கம்மா எடை எவ்ளோன்னு தெரியுமா? வீட்டுல ப்ளூடூத்து மிஷினு கீது, அவ ஏறுனாளா? ஏற மாட்டா. கேட்டா, நான் இன்னா குண்டாவா கீறேன், எனக்கு எதுக்குன்னு சொல்லுவா. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து காசிமேடு போயி, ஏலம் எடுத்து, கூடையோட வந்து ரோட்டோரம் குந்துறவ. அவ ஒல்லியா கீறாளேன்னு நீயும் பேசாம கீறே. போன மாசி திருவிழாவுக்குத் தெச்ச ரவிக்கை இப்ப தோள்ல நிக்கல, ஊக்கு போட்டுகினு கீறா. வியாபாரத்துல குந்தியிருக்கறப்ப பக்கத்துல தண்ணி பாட்டில் முன்னல்லாம் ஒண்ணு இருக்கும், இப்ப மூணு. ராவுல நாலு தபா எழுந்து போறா, என் திண்ணையத் தாண்டித்தானே போவணும், கெழவனுக்குத் தூக்கம் ஏது. முந்தாநாள் பாத்தேன், கால் கட்டை விரல்ல துணி சுத்திகினு கீது. மீன் முள்ளு குத்துனது. எப்பன்னு கேட்டா ஆடியிலன்னா. இப்ப இன்னா மாசம்?

எத்தினி காலுக்குக் கட்டுப் போட்ட கையிடா இது. ஆறாத புண்ணு இன்னா சொல்லும்னு எனக்குத் தெரியும்.

மக்களைத் தேடி மருத்துவம்னு 2021 ஆகஸ்டுல இருந்து வீட்டு வாசலுக்கே பொம்பளைங்க வந்து பிரஷரு, சர்க்கரை எல்லாம் பாக்குறாங்க. நம்ம தெருவுக்கும் வராங்க, நானே கைய நீட்டினேன். அவங்க வர்ற நேரத்துல ஒங்கம்மா ரோட்டுல மீன் வித்துகினு கீறா. அவங்களும் எத்தினி தபா தேடுவாங்க?

அதனால வர்ற செவ்வாக்கெழம நீ லீவு போடு. அவளுக்கும் அன்னிக்கு வியாபாரம் கெடயாது, கூடைய நான் ஒளிச்சி வெச்சிடுறேன். காலையில டீ கூட குடுக்காம, வெறும் வயித்துல ஸ்டான்லிக்குக் கூட்டிகினு போ. சர்க்கரையும் பாரு, சளியும் பாக்கச் சொல்லு, கால மறக்காமக் காட்டு, அவ சேலைய எறக்கி மறைப்பா. மத்தியானத்துக்கு ரெண்டு இட்லி கையில எடுத்துகினு போ, வரிசை நீளமா இருக்கும். வர மாட்டேன்னு அடம் புடிச்சா, எனக்குத்தான் ஒடம்பு சரியில்ல, தொணைக்கு வான்னு சொல்லு, ஓடி வருவா.

நான் அனுப்புனேன்னு மட்டும் வாயத் தொறக்காத. அப்பால எனக்கு மீன் கொழம்பு வராது.